துரை வீட்டு எலிகளும் என் மகளின் காய்ச்சலும்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நேராக அக்குளுக்குள் கை போகும். அடுத்து தொடை இடுக்குக்கு. நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுவார்கள். கட்டியிருந்தால் பிளேக். கட்டாவிட்டால் நாளைக்குக் கட்டும். கம்பத்திலிருந்து போடி வரை வீட்டுக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார். அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான்.

என் மகள் காமாட்சிக்கு வந்தது என்ன என்பது பற்றி போடிக் கடைவீதியில் இப்போது நாலைந்து கதைகள் உலவுகின்றன. அம்மன் குற்றம் என்கிறார்கள், மலைக்காய்ச்சல் என்கிறார்கள், சீமை எலி மூச்சு விட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒருவர் என்னிடமே வந்து விளக்கினார். அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். இன்னொரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை படுத்தால் அந்தத் தாய்க்கு இது உதவட்டும். கூட நின்று பேசுகிறவர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

எலிகள் எங்கள் வீட்டுக்கு வந்தது என் கணவரின் புத்தியால். அவர் ஏலக்காய் வியாபாரி. மலைமேல் ஒரு தோட்டத்துத் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். மற்ற வியாபாரிகள் மேசை, கட்டில், பீங்கான் என்று எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் இரண்டு வெள்ளை எலிகளோடு இறங்கி வந்தார். துரை பிள்ளைகள் வளர்த்தவையாம். வேறு யாரும் கேட்கவில்லையாம். யாரும் கேட்காத பொருளை எதற்கு எடுக்க வேண்டும் என்று யோசிக்க அவருக்கு மலையிறங்கும் நேரம் போதவில்லை போலும். எலி செத்து விழுந்தால் பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு தோப்புக்கு ஓடுகிற ஊரில், எலியை மடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்த ஒரே மனிதர் அவர்.

காமுவுக்கு அப்போது பதினொரு வயது. ஆணுக்கு ராசா என்றும் பெண்ணுக்கு ராணி என்றும் பேர் வைத்தாள். எனக்கு எலி என்றால் அருவருப்பு. வெள்ளை எலி என்றால் குளித்துவிட்டு வந்த அருவருப்பு. அந்த வால், அந்தச் சிவந்த கண், எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கி உருட்டித் தின்கிற பவிசு. போதாததற்கு, குளிர் பட்டாலும் பயந்தாலும் அவற்றுக்குக் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஒரு நீர் வடிந்து காயும். பார்த்தால் ரத்தம் என்றே தோன்றும். துரை வீட்டுச் சமையற்காரர் மலையாளத்துக்காரர். "ஒண்ணும் பேடிக்கண்டா, அது ரத்தம் இல்ல" என்று, அதாவது பயப்பட வேண்டாம் என்று, சொல்லி அனுப்பியதாக இவர் வந்து சொன்னார். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். உண்மையிலேயே போய்விடும். அதற்காக ஒரு தனித் துணி எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியது.

எலி வளர்ப்பு என்பது ஒரு ராஜாங்க வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. பழைய ஏலக்காய்ப் பெட்டிக்கு இவர் கம்பிவலையால் அடித்தளம் போட்டுக்கொடுத்தார். கழிவு கீழே விழுந்துவிடுமாம், சுத்தமாம். அந்தக் கம்பியில் நின்று நின்று ராசாவுக்குக் குதிகால் சிவந்து வீங்கியது. பிறகு ஒரு நாள் பின்காலின் சிறுவிரல் கம்பிக்கண்ணில் மாட்டி, நகம் பிய்ந்துபோயிற்று. காமு அன்றைக்குச் சோறு தின்னவில்லை. உப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், பழைய வேட்டித் துணி வேண்டும், மஞ்சள் வேண்டும், தேங்காயெண்ணெய் வேண்டும். எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகூட இவ்வளவு வெந்நீர் கேட்டதில்லை. மஞ்சளைப் பூசினால் ராசா நக்கித் தின்றுவிடும், மறுபடி பூசுவாள். வலைமேல் வைக்கோல் பரப்பினாள். சொட்டுச்சொட்டாக அரிசிக் கஞ்சி ஊட்டினாள். அவளுடைய தாத்தா படுத்துக் கிடந்தபோது ஊரில் ஒருவரும் அவருக்கு அப்படிச் செய்யவில்லை.

நான் ஒன்றுதான் சொன்னேன். "ஒரு தடவ கடிச்சா போதும். மறுநா ரெண்டும் வாய்க்கால்ல மெதக்கும்." அதைச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. எலிகளைப் பற்றி வேறு என்ன சொல்வது?

ராசாவின் கால் ஆறிக்கொண்டு வந்தது. இரண்டு மூன்று வாரம் கழித்து காமு தானாக வந்து மருதாணி அரைத்துத் தரச் சொன்னாள். சாதாரணமாக, வா வா என்று இழுத்து உட்காரவைத்தால்தான் வைப்பாள். அன்றைக்கு அவளே பத்து விரலுக்கும் தொப்பி வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு அழகில் ஆசை வந்துவிட்டது என்று அவள் அத்தையிடம், அதாவது என் கணவரின் அக்காளிடம், பெருமையாகச் சொன்னேன். மதினி இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள். அவர்கள் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. "மருதாணி வெச்சா மட்டும் கறுப்பு வெளுத்துருமா" என்றார்கள்.

இரண்டாம் நாள் காமுவுக்கு நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. முட்டி, இடுப்பு எல்லாம் வலி என்று அழுதாள். மதினி வந்து நேராக அக்குளில் கை வைத்தார்கள். இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஊருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவர்கள் மூடிக்கொண்டுதான் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். சொன்னது எதிர்வீட்டு எண்ணெய்க் கடைக்காரர். பிள்ளையை எட்டிப் பார்க்க வந்தவர் பெட்டியில் ராசாவைப் பார்த்துவிட்டார். வீட்டில் ஆள் நடமாட்டம் கூடியதால் பயந்து, அதன் கண்ணிலும் மூக்கிலும் சிவப்பு வடிந்திருந்தது.

"எலி ரத்தங் கக்குது" என்று அவர் தெருவில் போய்ச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மதினி வீடு தவிர எங்கள் தெரு காலி. என் மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க வராதவர்கள், ஒருவருக்கொருவர் மூட்டை தூக்கிவிட்டுக்கொண்டு தோப்புக்குப் போனார்கள். எண்ணெய்க் கடைக்காரர் போகும்போது தன் வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, எங்கள் வாசலிலும் ஒரு கொத்துச் செருகினார். பெரிய மனசு.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். வாசற்படி தாண்டவில்லை. பிள்ளையை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்ப வேண்டும், கூரை ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விட வேண்டும், இரண்டு எலிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்றார். கொட்டகை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். தென்னங்கீற்று, ஒரு பானைத் தண்ணீர், தூரத்தில் ஒரு காவலாள். அங்கே போனவர்களில் திரும்பியவர்களை ஊர் விரல்விட்டு எண்ணிச் சொல்லும். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்தார். இன்ஸ்பெக்டரிடம் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே, பின்வாசலில் வண்டி கட்டச் சொல்லி, எங்களைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

ஆஸ்பத்திரியிலும் எங்களைத் தனியறையில்தான் போட்டார்கள். சுண்ணாம்பு அடித்த அறை, பினாயில் நெடி, கதவில் சிவப்புத் துணி. டாக்டர் சென்னையில் படித்து வந்த இளைஞர். என்னைப் பார்த்து, "பயப்படாதீர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியாது" என்று ஆரம்பித்தார். மதுரையில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள் நான். சொல்லிப் பாருங்கள் என்றேன். அதன்பிறகு அவர் ஒழுங்காகவே சொன்னார். நெறி என்பது உடம்புக்குள் இருக்கும் காவல் சாவடி. பக்கத்தில் எங்கேயாவது கிருமி நுழைந்தால் அது வீங்கும். அந்த வீக்கத்தில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பிளேக் கிருமி இருந்தால் தெரியும். "கையில் எங்காவது காயம் உண்டா?" என்றும் கேட்டார். காமு இல்லை என்று தலையாட்டினாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். பத்து விரல் நுனியும் மருதாணியில் கறுத்துச் சிவந்திருந்தன. அவரும் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே உடனே அக்குளுக்குப் போய்விட்டார்.

ஊசி குத்தும்போது அவள் அலறியதை எழுத எனக்குக் கை வரவில்லை.

பிளேக் கிருமி இல்லை என்றார்கள். ஆனாலும் சிவப்புத் துணியை எடுக்கவில்லை. ஒருமுறை பார்த்து இல்லாவிட்டால் போதாதாம். இதற்குள் காய்ச்சல் தானாக இறங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். உடனே எல்லாரும் பங்கு கேட்டு வந்தார்கள். தாம் கலக்கிக் கொடுத்த கொய்னா, மலேரியா மருந்து, என்றார் கம்பவுண்டர். வேப்பிலை என்று எண்ணெய்க் கடைக்காரர் தோப்பிலிருந்து சொல்லி அனுப்பினார். வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டது தாம்தான் என்று என் கணவர் சொன்னார். எடுக்கப் போவது யார் என்று கேட்டேன், என்னைக் காட்டினார். வீட்டுக்குப் போகலாம் என்று துணியை மடித்துக்கொண்டிருந்த காலையில், மறுபடி அதே நடுக்கம். முன்னைவிட அதிகம். இம்முறை மார்பிலும் கைகளிலும் நாவற்பழக் கறைபோலத் திட்டுத்திட்டாகப் படை எழுந்தது.

மலேரியா இல்லை என்றார்கள். விரலில் குத்தாமல் காதுமடலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டைபாய்டாக இருக்கலாம், ரத்தத்தை மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மதுரையிலிருந்து பதில் வருவதற்குள் காய்ச்சல் இறங்கியது. வந்த பிறகு ஏறியது. டைபாய்டும் இல்லை. இல்லை இல்லை என்று சொல்வதற்கு ஒரு படிப்பு, ஒரு கட்டடம், ஒரு கட்டணச் சீட்டு. என் பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் பாதியாகிக்கொண்டே வந்தாள். கழுத்தெலும்பில் தண்ணீர் தேங்கும்போல் குழி விழுந்தது. இன்னும் இரண்டு சுற்றுத் தாங்க மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். எதையும் மறைக்கத் தெரியாத முகம் அது. அந்த முகத்தோடு எப்படி ஏலக்காய் விற்கிறாரோ.

மதினி மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடியிலிருந்து ரயிலேறி வருவார்கள். தூக்குச் சட்டியில் கஞ்சி, எனக்குத் தனியாகக் கருவேப்பிலைத் துவையலும் சோறும். வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சுவர் அழுக்கு, நான் பிள்ளைக்குத் தலை சீவிய கோணல், ரயிலில் பக்கத்தில் இருந்தவள் மூக்குச் சிந்தியது என்று வரிசையாகக் குறை சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சோறு இல்லாவிட்டால் நான் விழுந்திருப்பேன். அதை அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னால் துவையலில் உப்புக் கூடியது என்று வேறு பேச்சுக்குப் போவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். பகல் வெளிச்சம் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. காமு கண்ணை மூடிக் கிடந்தாள். போர்வைக்கு வெளியே இருந்த கையைப் பார்த்து மதினி உதட்டைப் பிதுக்கினார்கள்.

"என்னாத்தா மருதாணி அரைச்ச நீ? ஒம்போது வெரலு வெளுத்துப் போயிருச்சு, ஒத்த வெரலு மட்டும் கத்திரிக்கா மாதிரி கெடக்கு. ஒரு மருதாணி அரைக்கத் துப்பு இல்ல."

நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் தினமும் கழுவிக் கழுவி ஒன்பது விரலிலும் சாயம் ஆரஞ்சுத் தோலின் நிறத்துக்கு வந்திருந்தது. இடது மோதிர விரல் மட்டும் நீலமும் கறுப்புமாக, மற்றதைவிட ஒன்றரைப் பங்கு தடித்து இருந்தது. நான் தொட்டதும் பிள்ளை கையைப் பிடுங்கிக்கொண்டு நெஞ்சுக்குள் மறைத்தாள். அந்தக் காய்ச்சலில் அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

என்ன அது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ராசா இருக்காம்மா?"

எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் எலிகளைக் கேட்டதோடு நாங்கள் ஊரை விட்டு வந்தவர்கள். மண்ணெண்ணெய் ஊற்றி எரித்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது பற்றி எனக்கு ஒரு துளி கவலையும் இருந்ததில்லை, அந்த நிமிஷம் வரை. நான் மதினியைப் பார்த்தேன். கெட்ட செய்தி சொல்லக் கிடைத்த எந்தச் சந்தர்ப்பத்தையும் விடாதவர்கள் அவர்கள்.

"இருக்கு, சனியன்" என்றார்கள். "என் மாட்டுக் கொட்டத்துல கூடைக்கடியில தின்னுக் கொழுத்துக் கெடக்கு ரெண்டும்."

இன்ஸ்பெக்டர் ரெண்டு எலி வேண்டும் என்றுதானே கேட்டாராம். இவர்கள் தங்கள் நெல்லறையில் பொறி வைத்து, அங்கே விழுந்த இரண்டு கறுப்பு எலிகளை முறத்தில் போட்டுக் கொடுத்தார்களாம். அவர் கைக்குட்டைக்கு மேலாகப் பார்த்து, எலி இரண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம். எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்தா நம்ம வீட்டுல பிளேக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா? அவுக எழுதிட்டுப் போவாக. பிள்ளைக்கு நாளைக்கு மாப்ள பாக்க வேண்டாமா?"

காமு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ராசாவக் கொல்ல மாட்டேன்னு சொல்லு, நான் சொல்றேன்" என்றாள். வியாபாரி மகள். கொல்ல மாட்டேன் என்றேன். வாய்க்காலில்? போட மாட்டேன். அப்பாவும்? அப்பாவும்தான். அப்புறம் கையை நீட்டினாள்.

ராசாவின் காலில் கம்பித்துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்ததாம். அதை ஊசியால் எடுக்கும்போது வலி தாங்காமல் கடித்துவிட்டதாம். சின்னக் கடிதான், இரண்டே நாளில் ஆறிவிட்டதாம். அப்புறம் ஒரு நாள் ஆறின இடம் தானாகவே மறுபடி வீங்கி விண்விண் என்று தெறித்திருக்கிறது. அம்மா பார்த்தால் வாய்க்கால். அதனால் மருதாணி.

நான் டாக்டரின் அறைக்கு ஓடினேன். ஓடுகிற வயசு இல்லை, ஓடினேன். அவர் வந்து விரலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. விரலிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நடையே வேறாக இருந்தது. எலிக்கடிக் காய்ச்சல். திருகாணி மாதிரி முறுக்கிய ஒரு கிருமி, எலியின் வாயிலிருந்து கடி வழியாக உள்ளே போகிறது. எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாதாம், பாருங்கள் நியாயத்தை. கடி ஆறிவிடும். வாரக் கணக்கில் உள்ளே தூங்கும். பிறகு விழித்து, கடித்த இடம் மறுபடி வீங்கும், பக்கத்து நெறி கட்டும், காய்ச்சல் வரும், போகும், வரும். பிளேக் அப்படிப் போய் வராது. வந்தால் ஆளோடுதான் போகும்.

மருந்து பாஷாணம் சேர்ந்த ஊசி, நரம்பில் போட வேண்டும் என்றார். "பாஷாணமா" என்று என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம வைத்தியரு குடுக்காத பாஷாணமா? போடச் சொல்லுலே" என்று மதினி தம்பியை அதட்டினார்கள்.

ஊசி போட்டார்கள். பிள்ளை வாந்தி எடுத்தாள். ஒரு பகல் முழுதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்து மதுரையிலிருந்து வர வேண்டியிருந்ததால் அடுத்த ஊசிக்குக் காத்திருந்தோம். காய்ச்சல் வர வேண்டிய நாள் வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுக்கத்துக்குக் காத்திருந்தேன். பொழுது சாயும் வரை பிடித்திருந்தேன், நடுக்கம் வரவில்லை.

கதவிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்த அன்று டாக்டர் சிரித்த முகத்தோடு வந்தார். அந்த எலியைக் கொண்டுவந்து கொடுத்தால் அறுத்துப் பார்க்கலாம், வைத்தியப் பத்திரிகைக்கு எழுதலாம் என்றார். கடித்தது எலி என்று தெரிந்துவிட்ட பிறகு எலியிடம் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கொடுத்த வாக்குக்கு அர்த்தம் இல்லை என்றார். என் கணவரும் தலையாட்டினார். இரண்டு படித்த ஆண்கள். பிள்ளையின் கையைப் பார்க்க ஒரு குறைகூறும் பெண்பிள்ளை ரயிலேறி வரவேண்டியிருந்தது. எலியைக் கொடுக்காமலே துணியை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

போடிக்குத் திரும்பினால் வீட்டுக்கு மேலே ஓடு இல்லை. அடுப்பங்கரைக்குள் நட்ட நடுவே வெயில் நின்றது. உப்புச் சாடியில் காக்கை எச்சம். தெருவில் எல்லாரும் தோப்பிலிருந்து திரும்பியிருந்தார்கள். ஒருவர் வீட்டிலும் ஓடு பிரிக்கவில்லை. எண்ணெய்க் கடைக்காரர் வந்து, நல்ல வேளை வேப்பிலை வைத்தேன் என்றார். பழைய ஓடுகளையே திரும்ப வேய்ந்துகொண்டோம். உடைந்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை.

எலிகள் இருக்கின்றன. கம்பிவலையைப் பிய்த்து எறிந்துவிட்டு மரத் தளம் போடச் செய்தேன். வைக்கோலை நான் மாற்றுகிறேன். ராசாவின் குதிகாலில் இன்னும் சிவப்பு இருக்கிறது. தடித்த துண்டில் தலையோடு சுற்றி, காலை மட்டும் வெளியே எடுத்து, நான்தான் உப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். காமு பார்க்கலாம், தொடக்கூடாது. கண்ணில் வடிகிற சிவப்பை நான்தான் துடைக்கிறேன். அது துண்டுக்குள் பல்லை நறநறவென்று தேய்த்துக்கொண்டு கிடக்கும். சந்தோஷத்தில் அப்படிச் செய்யும் என்கிறாள் இவள். அதன் சந்தோஷம் யாருக்கு வேண்டும்? எனக்கு அந்தப் பிராணியிடம் ஒரு பாசமும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. செத்தால் புதைத்துவிட்டுக் கை கழுவுவேன். ஆனால் அது தானாகச் சாக வேண்டும்.

முந்தாநாள் நான் அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காமு கொல்லையில் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே வந்தாள். ஆட்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனியில் ஒரு கீறல். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"இதுக்கெல்லாமா வந்து நிப்பாக" என்று திண்டில் உட்கார்ந்திருந்த மதினி முகத்தைச் சுளித்தார்கள்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. மதினி அதையும் சொன்னார்கள்.